வெளியே விடாத ஆட்டம்

விருத்தாசலம்,
தை 12.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அம்மா போன திங்கட்கிழமை மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிவிட்டு வந்தாள். நிலத் தகராறு, கொடுத்த கடன் திரும்பாதது, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது, இப்படிப்பட்ட சங்கதிகளுக்குத்தான் ஜனங்கள் அங்கே சீட்டு எழுதிக் கட்டுவார்கள். உன் அம்மா சீட்டில் என்ன இருந்தது என்று அவளே சொல்லிவிட்டாள். ஆறு வருஷமாகப் பிள்ளை ராத்திரி ராத்திரியாகக் கம்ப்யூட்டரில் செஸ் புரோகிராம் எழுதுகிறான், எழுதியதை ஒருத்தர் கண்ணிலும் காட்ட மாட்டேன் என்கிறான், இதற்கு ஒரு வழி சொல்லு முருகா என்று. சாமி எப்போது விசாரணைக்கு எடுக்குமோ தெரியாது. அதே பிராது வாய்மொழியாக என்னிடமும் வந்திருப்பதால் நான் முந்திக்கொள்கிறேன்.

நீ எனக்கு அனுப்பியிருந்த நாலு பக்கத்தை ரெண்டு தடவை படித்தேன். கூட வேலை பார்க்கிற பையன்கள் வெளியிடு, வெளியிடு என்று நச்சரிப்பதும், நீ ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தட்டிக்கழிப்பதும் புரிந்தது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைத்துக்கொள். யாருக்கும் கொடுக்க வேண்டிய கடமை உனக்கு இல்லை. ஆனால் நீ அடுக்கியிருக்கிற காரணங்களில் பாதி சொத்தை. நல்ல முடிவுக்குச் சொத்தைக் காரணம் சொல்லிப் பழகினால், நாளைக்கு அதே காரணத்தை வைத்து ஒரு கெட்ட முடிவும் எடுப்பாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

திருடிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தில் நான் டாக்டர் பட்டம் வாங்கியவன்.

நீ செஸ் பழகிய அந்தப் பீங்கான் காய்கள் நினைவிருக்கிறதா? காது உடைந்த கறுப்புக் குதிரை? பீங்கான் கல்லூரியில் டிப்ளமோ முடித்துத் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் சூளை பார்க்கச் சேர்ந்த புதிதில் அதைச் செய்தேன். பகலெல்லாம் கரண்டு சாமான், ஃப்யூஸ் கட்டை. ஆயிரம் ஃப்யூஸ் கட்டையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் அந்த வேலையின் லட்சணம். சாயந்திரம் எல்லோரும் போன பிறகு நான் செஸ் காய்க்கு அச்சு எடுப்பேன். சிப்பாய்க்கு ரெண்டு துண்டு அச்சு போதும். குதிரைக்கு அது போதாது, தாடைக்குக் கீழே மாட்டிக்கொள்ளும், நாலு துண்டாக வெட்ட வேண்டும். பிளாஸ்டர் அச்சில் சிலிப்பை, அதாவது மண் கரைசலை, ஊற்றினால் தண்ணீரை அச்சு குடித்துவிட்டு மண்ணைச் சுவரில் நிறுத்தும். சூளையில் வைத்து எடுத்தால் பத்தில் ஒரு பங்காவது சுருங்கும். நாலு அங்குலம் என்று நினைத்துச் செய்த ராஜா மூன்றரையாகத்தான் வெளியே வந்தார். ஒரு முழு செட் தேறுவதற்கு ஒரு வருஷம் ஆனது.

காய்கள் மேல் பூசிய அந்தக் கறுப்பு கிளேஸ்தான் என் பெருமை. ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்புத் தட்டும், மற்ற இடமெல்லாம் நாவற்பழம் மாதிரி. இரும்பு, மாங்கனீஸ், துளியூண்டு கோபால்ட். எடைக் கணக்கை நோட்டில் நேராக எழுதினால் எவனாவது எடுத்துக்கொள்வான் என்று எல்லாவற்றுக்கும் சமையல் பெயர் வைத்திருந்தேன். கோபால்டுக்குப் பெருங்காயம் என்று பெயர். விலையும் அதிகம், சிட்டிகை போதும், வேறென்ன வைப்பது? உன் அத்தை அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, ரசத்துக்கு எதற்கு இவ்வளவு இரும்பு என்று கேட்டாள்.

கூட வேலை செய்த ஒருத்தன் பெருங்காயம் எது என்பதைக் கண்டுபிடித்துவிட்டான். வேறு யூனிட்டுக்குப் போனான், அங்கே அதைப் போட்டான். எனக்குச் சேதி வந்தபோது மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாவது மாசம் அவனே என் வீட்டு வாசலில் வந்து நின்றான், கையில் ஒரு கப்பு. மேலெல்லாம் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். கொஞ்சமும் கூச்சமில்லாமல், அண்ணே இது ஏன் இப்படி வருது என்கிறான். கோபம் வரத்தான் செய்தது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. மாங்கனீஸ் சூட்டில் காற்றை விடும், அவர்கள் சூளையில் அவசரமாக ஏற்றுகிறார்கள், கிளேஸ் உருகி மூடிக்கொள்ளும்போது உள்ளே மாட்டிய காற்று கொப்பளிக்கிறது. எங்கள் சூளை கிழட்டுச் சூளை, மெதுவாகத்தான் ஏறும். என் கிளேஸின் ரகசியம் நோட்டில் இல்லை, அந்தச் சூளையின் சோம்பேறித்தனத்தில் இருந்தது. அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்ச வருஷத்தில் எங்கள் யூனிட்டும் சூளையை மாற்றியது. அப்புறம் அந்தக் கறுப்பு எனக்கும் வரவில்லை.

பெரிய இடத்துக் கதையும் இதுதான். சீனத்துப் பீங்கானின் சூத்திரம் தெரியாமல் ஐரோப்பா தவித்தபோது, பாட்கர் என்ற ரசவாதியை சாக்ஸனி ராஜா கைதி போல அடைத்து வைத்து வேலை வாங்கினான். 1710-ல் மைஸன் தொழிற்சாலை வந்தது, மலைமேல் கோட்டைக்குள் வைத்துப் பூட்டினார்கள். பத்து வருஷம்கூட ஆகவில்லை, அங்கிருந்த ஆட்களையே இழுத்துக்கொண்டு வியன்னாவில் இன்னொரு தொழிற்சாலை கிளம்பிவிட்டது. அதே காலத்தில், 1712-ல், சீனத்தின் ஜிங்தேஜென் ஊரில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தான் பார்த்த பீங்கான் வேலை அத்தனையையும் விலாவாரியாகக் கடிதம் எழுதி ஊருக்கு அனுப்பிவிட்டார். கல்லூரியில் இந்தக் கதையைச் சொல்லும்போது பையன்கள் பாதிரியாரைத் திட்டுவார்கள். எனக்கென்னவோ அவர் மேல் பிரியம் உண்டு.

சரி, உன் தொழிலுக்கு வருகிறேன். நீ சொன்ன ஃப்ரூட் கதையை நானும் தேடிப் படித்தேன். ஃபேபியன் லெட்டூஸே என்ற பிரெஞ்சுக்காரர் தனியாளாக எழுதிய புரோகிராம். 2005-ல் 2.1 பதிப்பை மூல நிரலோடு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொது உரிமத்தில் வெளியிட்டார். அதே வருஷம் ரெய்க்யாவிக்கில் நடந்த உலகக் கணினி செஸ் போட்டியில் அது ரெண்டாவதாக வந்தது. உலகமே பிரித்துப் பார்த்துப் படித்தது. அப்புறம் ரிப்கா என்ற புரோகிராம் வந்து எல்லோரையும் அடித்தது. 2011-ல் சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம், ரிப்கா ஃப்ரூட்டிலிருந்தும் கிராஃப்டி என்ற இன்னொரு புரோகிராமிலிருந்தும் எடுத்திருக்கிறது என்று சொல்லி அதன் பட்டங்களைப் பறித்தது. அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்ற சண்டை அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் ஓடியது. நீ இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா மாமா, கொடுத்தவன் கெட்டான் என்கிறாய்.

நான் வேறு மாதிரி படிக்கிறேன். அப்போது ஃப்ரூட் உச்சியில் இருந்த சரக்கு, அதனால் எல்லோர் கண்ணும் அதன்மேல். இன்றைக்கு உச்சியில் இருப்பது ஸ்டாக்ஃபிஷ். அதுவும் திறந்துதான் கிடக்கிறது. நார்வேக்காரர் ஒருவர் எழுதிய கிளாரங் என்ற புரோகிராமை 2008-ல் ஓர் இத்தாலியர் எடுத்துத் தொடர்ந்தார். அதனால்தான் நார்வேயில் காயவைத்து இத்தாலியில் சமைக்கும் கருவாட்டின் பெயர். போனில் ஓடினாலே உலக சாம்பியனைத் தோற்கடிக்கும் சரக்கு அப்படி இலவசமாகக் கிடக்கும்போது, உன் வீட்டுக் கொல்லையில் எவன் ஏறிக் குதிப்பான்? கஞ்சித் தொட்டிக்குப் பூட்டுப் போடாதே மாப்பிள்ளை. உன்னைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. திருட்டுப் பயம் ஒரு வகையில் பெருமைதான், நம்மிடம் திருடத் தகுந்தது இருக்கிறது என்ற பெருமை. நானும் அதைத்தான் பெருங்காயத்தில் ஒளித்து வைத்திருந்தேன்.

நிஜமாகவே திருட்டு நடந்தால் என்ன வழி என்று கேட்டால், அதற்கும் வழி இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் 2021-ல் செஸ்பேஸ் நிறுவனத்தின் மேல் ஜெர்மனியில் வழக்குப் போட்டு, 2022 நவம்பரில் சமரசம் செய்து, ஒரு வருஷத்துக்கு அந்த நிறுவனம் ஸ்டாக்ஃபிஷ் கலந்த எதையும் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். நம் நாட்டிலும் 1957 பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பு என்றே கணக்கில் எடுக்கிறது. பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், வெளியிட்டாலும் பெட்டியில் வைத்தாலும், எழுதியவனுக்கு உரிமை உண்டு. நீ இலக்கியவாதி! உன் அப்பாவிடம் சொல்லாதே, இன்னும் பயப்படுவார்.

இந்த இடத்தில் ஒரு வேலை சொல்கிறேன், நீ எழுதாத விஷயம். உன் கம்பெனி வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆர்டரை எடுத்துப் படி. வேலையின் பேரில் செய்தது முதலாளிக்குச் சொந்தம் என்பது சட்டம். ராத்திரி உன் சொந்த மெஷினில் செய்தது அதில் சேராது. ஆனால் ஒப்பந்தத்தில் அதையும் தாண்டி வளைத்துப் போட்டிருக்கிற கம்பெனிகள் உண்டு. ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதே. வெளியிடாமல் இருக்கிறதற்கு இது நல்ல காரணமாகக்கூட இருக்கலாம், படித்துப் பார்த்தால்தானே தெரியும்.

அடுத்தது வெட்கம். ஸ்டாக்ஃபிஷிடம் நூறு ஆட்டம் ஆடினால் நூறும் போகும், அதை எப்படி வெளியே காட்டுவது என்று எழுதியிருக்கிறாய். ஆலன் டூரிங் தெரியுமல்லவா, கம்ப்யூட்டருக்கே தகப்பன். அவர் எழுதிய செஸ் புரோகிராமை ஓட்ட அப்போது மெஷின் கிடையாது. 1952-ல் அவரே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நகர்த்தலையும் கணக்குப் போட்டு, நண்பர் ஒருவரோடு ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு அரைமணி நேரம் ஆனதாம். 29-வது நகர்த்தலில் தோற்றது. அந்த நண்பரும் பெரிய ஆட்டக்காரர் கிடையாது. இதற்குமேல் வெட்கத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. இந்தக் காரணத்தை அடித்துவிடு.

மூன்றாவதாக நீ சொன்னது எனக்குச் சுளீரென்று பட்டது. வெளியே விட்டால் அது ஓடவில்லை, இது நின்றுவிட்டது என்று கேட்டு வருவார்கள், அப்புறம் ராத்திரி நேரமும் ஆபீஸாகிவிடும் என்கிறாய். நூற்றுக்கு நூறு. என் செஸ் செட்டை யூனிட்டுக்கு வந்த ஒரு வியாபாரி பார்த்துவிட்டார். அம்பது செட் வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்துக்கொண்டேன். பிளாஸ்டர் அச்சு இருபது முப்பது தடவை ஊற்றினால் மூக்கு முழி மழுங்கும், திரும்ப அச்சு எடுக்க வேண்டும். குதிரையாகவே ஊற்றிக்கொண்டிருந்தேன், இருநூறு குதிரை. பாதி காது உடைந்து வந்தது. மழைக்காலம், காயவில்லை. அந்த மனிதர் முப்பது செட்டை வாங்கிக்கொண்டு பதினெட்டுக்குத்தான் காசு கொடுத்தார். காசு போனதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் நான் ஒரு செஸ் காய்கூடச் செய்யவில்லை, ஒன்றுகூட. சாயந்திரம் யூனிட்டில் தனியாக நிற்பதே பிடிக்காமல் போய்விட்டது. எனக்கென்று இருந்த ஒரே அறையை நானே வாடகைக்கு விட்டுவிட்டேன்.

அதனால் இந்தக் காரணத்தைச் சொல்லக் கூசாதே. அப்பா கேட்டால் நேரம் இல்லை என்று மழுப்பாமல் இதையே சொல்.

ஆனால் நிஜக் காரணம் இதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நாலாவது பக்கத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே: இதில் இருக்கிற ஒவ்வொரு தப்பும் எனக்குத் தெரிந்த தப்பு என்று. அதைப் படித்ததும் எனக்கு அந்த 258 ஞாபகம் வந்தது.

மூன்று வருஷம் இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் செய்தாய். யாருக்கோ என்னவோ என்று பதறி எடுத்தால், மாமா கிடைத்துவிட்டது என்கிறாய். மறுநாள் விளக்கினாய். செஸ் பலகையில் முதல் நகர்த்தலுக்கு 20 வழி. ரெண்டு பேரும் ஒரு தடவை நகர்த்தினால் 400. மூன்றாவதில் 8,902. நாலாவதில் 1,97,281. ஐந்தாவதில் 48,65,609. இந்த எண்கள் உலகத்துக்கே தெரிந்த எண்கள், புரோகிராம் விதிகளைச் சரியாகப் படித்திருக்கிறதா என்று உரசிப் பார்க்கிற கல். உன்னுடையது நாலு வரைக்கும் சரியாகச் சொல்லிவிட்டு ஐந்தாவதில் 48,65,351 என்றது. 258 குறைவு. ரெண்டு கட்டம் தாண்டிப் போகிற சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டலாம் என்ற அந்த விநோத விதியை நீ ஒரு மூலையில் தப்பாக எழுதியிருந்தாய். ஆட்டத்தில் அந்த விதிக்கு ஐந்தாவது நகர்த்தலில்தான் முதல் வாய்ப்பே வருகிறது, சரியாக 258 இடத்தில். மற்றவர் எழுதிய நிரலைப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நீ பார்க்கவில்லை. மூன்று ராத்திரி தேடினாய்.

நாற்பத்தெட்டு லட்சத்தில் 258-ஐத் தேடிக் கண்டுபிடித்த சந்தோஷத்துக்கு வாடிக்கையாளர் எதற்கு? ஆபீஸில் நீ எழுதுகிற பாங்க் புரோகிராமில் உன் கை எது, இன்னொருத்தர் கை எது என்று தெரியாது. அது ஃப்யூஸ் கட்டை. அப்படித்தான் இருக்க வேண்டும், ஒன்று போல இல்லாவிட்டால் வீடு எரிந்துவிடும். இந்தச் செஸ் புரோகிராம் ஒன்றுதான் அடிமுதல் நுனிவரை நீ. இதில் நாலு பேர் கை வைத்தால் புரோகிராம் நன்றாகவே ஆகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உன்னுடையதாக இருக்காது. இந்தக் காரணம் தேறும். இது ஒன்றே போதும்.

வைத்துக்கொள்வது என்று ஆன பிறகு சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மூடிவைத்த புரோகிராமைப் பற்றி வெளியில் பெருமை பேசக் கூடாது, போட்டிக்கும் அனுப்பக் கூடாது. டீப் ப்ளூவை நினைத்துப்பார். அதன் ஆரம்பம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 1985-ல் தொடங்கிய சிப்டெஸ்ட். அதைக் கட்டிய மூன்று பேரில் ஒருவர் தாமஸ் அனந்தராமன், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் போனவர். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், போகட்டும். சிப்டெஸ்ட் டீப் தாட் ஆகி, ஐபிஎம் கைக்குப் போய் டீப் ப்ளூ ஆகி, 1997 மே மாதம் உலக சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு ரெண்டரை என்று ஜெயித்தது. ரெண்டாவது ஆட்டத்தில் மெஷின் ஆடிய விதத்தைப் பார்த்துக் காஸ்பரோவுக்குச் சந்தேகம், உள்ளே மனுஷன் இருக்கிறானோ என்று. பதிவேட்டைக் காட்டு என்று கேட்டார். உடனே காட்டவில்லை, பின்னால்தான் வெளியிட்டார்கள். மறு போட்டி கேட்டார், அதுவும் இல்லை, மெஷினையே பிரித்துவிட்டார்கள். நியாயமாக ஜெயித்த மெஷின் என்றுதான் நான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்த ஜெயத்தில் இன்றைக்கும் ஒரு கறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடத்தில் வந்து ஜெயித்துவிட்டு அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டால் அப்படித்தான் ஆகும். நீ கூடத்துக்கே வராதே. வந்தால் கதவைத் திறந்து வை.

அடுத்து, யாரிடமிருந்து என்ன எடுத்தாய் என்பதை எழுதி வை. நிரல் உன்னுடையது, யோசனைகள் எல்லாம் உன்னுடையவை கிடையாது. பொதுவில் கிடக்கிற எதையாவது எடுத்துச் சேர்த்திருந்தால், உன் மெஷினுக்குள் ஓட்டுகிறவரை அந்தப் பொது உரிமம் உன்னை ஒன்றும் கேட்காது. இன்னொருத்தருக்குக் கொடுக்கிற அன்றைக்குத்தான் கேட்கும். பத்து வருஷம் கழித்து மனசு மாறி வெளியிட நினைத்தால், எது யாருடையது என்று அப்போது உனக்கே மறந்திருக்கும். ரிப்காகாரர் பட்ட பாடு போதாதா?

அப்புறம் நம்மூர்க் கதை ஒன்று. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் பாடிப் பன்னீராயிரம் பொன் வாங்கி, வழியில் கள்ளர் பயம் என்று மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று ஊரார் கேலி பேசுவது அதிலிருந்து வந்ததுதான். ஆனால் கேலி பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுவார்கள். ஆற்றில் போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னில் மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார் அவர். குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது, அதற்கும் சாமியிடம் பாடி வழக்காடிச் சரி செய்துகொண்டார். பக்தி அப்படி, கணக்கு இப்படி. நீயும் மச்சம் வை. ஒவ்வொரு வருஷத்துப் பதிப்பையும் தேதி போட்டு ரெண்டு இடத்தில் வை, ஒன்று நம் வீட்டில் என் பீரோவில் இருக்கட்டும். இந்த வருஷத்துப் புரோகிராம் போன வருஷத்துப் புரோகிராமை ஜெயிக்கிறதா என்று பார். மற்றவர்களோடு மோதாத புரோகிராமுக்கு உரைகல் அது ஒன்றுதான். போன வருஷம் உன் ஹார்டு டிஸ்க் போனபோது நீ அழுததை உன் அம்மா எனக்குச் சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே. புரோகிராமை வைத்துக்கொள், நோட்டைக் கொடு. 2017-ல் டீப்மைண்ட் ஆல்பாஸீரோ என்று ஒன்று செய்தது. தனக்குத்தானே ஆடிக் கற்று ஸ்டாக்ஃபிஷை ஜெயித்தது. புரோகிராமை இன்றுவரை யாருக்கும் கொடுக்கவில்லை. எப்படிச் செய்தோம் என்று கட்டுரை மட்டும் எழுதினார்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த வருஷமே உலகமெங்கும் ஆட்கள் சேர்ந்து லீலா என்று ஒன்றைக் கட்டிவிட்டார்கள். நம் சென்னையிலேயே 1829-ல் குலாம் காசிம் என்ற ஆட்டக்காரர், காக்ரேன் என்ற வெள்ளைக்காரரோடு சேர்ந்து, மூஸியோ காம்பிட் என்கிற ஆரம்பத்தை அலசிப் புத்தகம் போட்டார். ஆடுகிற கை அவரோடு போய்விட்டது, எழுதியது நிற்கிறது.

அந்த 258 கதையைத் தமிழில் எழுது. இருபதில் ஆரம்பித்து நாற்பத்தெட்டு லட்சம் வரை எப்படிப் போகிறது, எந்த மூலையில் வழுக்கியது, மூன்று ராத்திரியும் எங்கெங்கே தேடினாய் என்று எழுது. ஒரு வரி நிரல்கூட வேண்டாம். இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இப்போது செஸ் பலகையும் கையுமாகத்தான் திரிகிறார்கள். மெஷின் எப்படி யோசிக்கிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான். நான் கிளேஸைப் பற்றிச் சொல்லி அனுப்பினேன், பாவம்.

உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். பிராதைத் திரும்ப வாங்குவதற்கும் அங்கே முறை இருக்கிறது, அதைச் செய்யச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குத்தான் நேரம் பிடிக்கும், நேரில் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மாசி மகத்துக்குக் கட்டாயம் வா. திருவிழா முடிந்த மறுநாள் வீட்டில் கூட்டம் இருக்காது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வா, நான் பழைய பீங்கான் செட்டைத் துடைத்து வைக்கிறேன். அது சொல்லச் சொல்ல நீ காயை நகர்த்து, எனக்கு வெள்ளை. நான் தோற்றால் அதை மட்டும் வெளியே விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் தாய்மாமன்